இடப்பக்க வகிடு

தேயிலைத் தோட்டம், பிரிஞ்சாங்
5 மார்ச் 2024

பத்திரிகையில் சினிமாப் பக்கம் எழுதும் அன்பரசி அம்மாவுக்கு,

என் பெயர் செல்லையா. வயது எழுபத்திரண்டு. நான் வாழ்க்கையில் எழுதும் முதல் கடிதம் இது. முதலில் பென்சிலில் எழுதி, சரிபார்த்து, அதன் மேலேயே பேனாவால் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு வாசிக்கத் தெரிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முன்பெல்லாம் என் மனைவி இராசம்மா வேதாகமம் வாசிப்பாள், நான் கேட்பேன். சர்க்கரை நோய் அவளுடைய கண்களை எடுத்துக்கொண்டது. வீட்டில் வாசிக்க ஆள் இல்லாமல் போயிற்று. டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பஷீரின் மனைவி ரம்லா, முன்பு பாலர் பள்ளியில் பாடம் சொன்னவர். "மத்தியானம் கூட்டம் கொறஞ்சதும் வாங்கண்ணே. கடைசி மேசை உங்களுக்குத்தான் லா" என்றார். அந்த மேசையில்தான் அ, ஆ படித்தேன்.

இப்போது எதைக் கண்டாலும் வாசிக்கிறேன். மீன் டின், மாவுப் பொட்டலம், வடை சுற்றிய தாள். போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் கல்யாண மண்டப விளம்பரம் ஒன்றை முழுவதும் வாசித்து முடித்தேன். எனக்கும் இராசம்மாவுக்கும் பேரப்பிள்ளை எடுக்கும் வயது. ஆனாலும் மண்டப வாடகை எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியும்.

என் மகள் புனிதா கோலாலம்பூரில் ஒரு கிறிஸ்தவ வாலிபர் அமைப்பில் இருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்காக அவள் எழுதி எடுத்த படம்தான் 'மூடுபனிக்கு மேலே'. அதைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தை பஷீர் எனக்காக எடுத்துவைத்திருந்தார். ஒரு முழுப் பக்கம்! நடுவில் என் மகளின் படம். 'இயக்குநர் புனிதா செல்லையா' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவள் பெயரோடு என் பெயரும் அச்சில் வந்துவிட்டது. அந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டு மை மங்கிவிட்டது.

எல்லா வார்த்தையும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். 'பரப்புரை', 'செயற்கை', 'தட்டை' என்றெல்லாம் வருகிறது. தெரியாத வார்த்தையில் நின்றுவிடாமல் தாண்டிப் போகச் சொல்லி ரம்லா பழக்கியிருக்கிறார். கொழுந்து பறிப்பது போலத்தான். முற்றல் இலையை விட்டுவிட்டுக் கொழுந்தை எடுத்தால் கூடை நிறைந்துவிடும். உங்கள் பக்கத்திலும் எனக்குக் கூடை நிறைந்தது. 'புனிதா', 'மலை', 'பிள்ளைகள்', 'ஜெபம்', 'கண்ணீர்', எல்லாம் கிடைத்தது. பிடிக்காத படத்துக்கு யாராவது ஒரு முழுப் பக்கம் எழுதுவார்களா? உங்களுக்கு மிகுந்த நன்றி.

எங்கள் சபையில் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு சாட்சி சொல்லும் ஞாயிறு. யார் வேண்டுமானாலும் எழுந்து, தேவன் தமக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். எனக்கு வாசிப்பைக் கொடுத்தார், என் மகளுக்குப் பெயரைக் கொடுத்தார். இரண்டுக்கும் சேர்த்து உங்கள் பக்கத்தை நின்று வாசிக்கப் போகிறேன். மாலையில் இராசம்மாவிடம் உரக்க வாசித்துப் பழகுகிறேன். அவள் "நல்லா வாசிக்கிறீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ரம்லாவிடம்கூட இன்னும் காட்டவில்லை. சபையில் வாசித்துவிட்டு வந்து ஆச்சரியப்படுத்துவேன்.

தங்கள் அன்புள்ள
செல்லையா


ஈப்போ
15 மார்ச் 2024

மதிப்பிற்குரிய செல்லையா ஐயா,

உங்கள் கடிதம் பத்திரிகை அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு இன்றுதான் என்னிடம் வந்தது. அதில் தொலைபேசி எண் இல்லை. விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்குள் கிடைக்க வேண்டும்.

ஐயா, தயவுசெய்து அந்தப் பக்கத்தைச் சபையில் வாசிக்காதீர்கள்.

அது பாராட்டு அல்ல. உங்கள் மகளின் படம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைத்தான் அந்தப் பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறேன். நீங்கள் தாண்டிப் போன வார்த்தைகளில்தான் அது இருக்கிறது. இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வழி தெரியவில்லை.

நான் பள்ளி ஆசிரியை. வயதில் என்னைவிடப் பெரியவர் ஒருவர் என் எழுத்தைச் சந்தோஷத்தோடு விரலால் தொட்டு வாசித்தார் என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதியதற்காக அல்ல. அது போய்ச் சேர்ந்த விதத்துக்காக.

மகளிடமும் இதைக் காட்ட வேண்டாம். அவர் ஏற்கெனவே வாசித்திருப்பார்.

வணக்கத்துடன்
அன்பரசி


தேயிலைத் தோட்டம், பிரிஞ்சாங்
25 மார்ச் 2024

அன்பரசி அம்மாவுக்கு,

தோட்ட அலுவலகத்துக்கு வரும் கடிதங்களைப் பிரித்துக் கொடுக்கும் கிராணி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். உங்கள் கடிதம் அவர் மேசையில் கிடந்தது. அது என் கைக்கு வரும் முன்பே நான் உங்கள் பக்கத்தைச் சபையில் வாசித்துவிட்டேன்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். இராசம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போதகர் சுகுமாரன், "நம்ம செல்லையா அண்ணன் இன்னிக்கு வாசிச்சே சாட்சி சொல்லப் போறாரு, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சொன்னார்கள். வரிக்கு அடியில் விரலை வைத்து, ஒரு வார்த்தையும் விடாமல் வாசித்தேன். சபை அமைதியாக இருந்தது. மரியாதை என்று நினைத்தேன்.

மருத்துவமனைக் காட்சியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 'இரண்டு வாரம் நினைவில்லாமல் கிடந்த பையன், சபையார் ஜெபித்து முடித்ததும் தலைகூடக் கலையாமல் எழுந்து உட்காருகிறான். அந்த ஆஸ்பத்திரியில் சலூனும் இருக்கிறது போலும்.' பின்வரிசை வாலிபர்கள் சிரித்தார்கள். நான் நன்றாக வாசிக்கிறேன் என்று நினைத்து, நானும் சிரித்தேன். அதை ஒருவன் கைப்பேசியில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். மகளைக் கிழிக்கிற எழுத்தைச் சொந்த அப்பனே சிரித்துச் சிரித்து வாசிக்கிறான் என்று பார்க்கிறார்களாம்.

போதகர் வந்து என் தோளைத் தொட்டார். "அண்ணே, போதும்ணே."

"இன்னும் கொஞ்சம்தான் பாஸ்டர்" என்று சொல்லிவிட்டு முடித்தேன். கடைசி வரி வந்தபோதுதான், சபையில் இருந்த முகங்களைப் பார்த்து, நான் எதை வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது மலர் என்ற பெண் எழுந்து நின்றாள். பதினைந்து வயது. அவள் என்ன சொன்னாள் என்பதை இப்போது எழுத மாட்டேன். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இராசம்மாவிடம் கேட்டேன். "உனக்குத் தெரியாதா?"

"மொத நாளே தெரியும். பரிசு வாங்கின புள்ள மாதிரி வாசிச்சீங்க. ஒங்க மொகத்தத்தான் பாக்க முடியல, அந்தக் கொரலயாவது கேட்டுக்கிட்டு இருப்போம்னு விட்டுட்டேன். சபையில யாராச்சும் நிறுத்திருவாங்கன்னு நெனச்சேன்."

புனிதா அன்று மாலையே கூப்பிட்டாள். நான் பேச வாயெடுப்பதற்குள், "அர்த்தம் புரியாம ஏம்பா வாசிச்சீங்க?" என்றாள். பிறகு, "நீங்க வாசிக்கக் கத்துக்காமலே இருந்திருக்கலாம்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவளுடைய அமைப்பு, பள்ளி விடுமுறை முகாம்களில் படத்தைக் காட்டுவதை நிறுத்திவிட்டதாம். மே மாதம் எங்கள் தோட்ட மண்டபத்தில் காட்டுவதாக இருந்தது. அந்த மண்டபத்தைப் பெருக்கிப் பூட்டுகிற வேலை என்னுடையது. அதற்கும் வர மாட்டாளாம். மலைக்கே வர மாட்டாளாம்.

நோன்பு மாதம் என்பதால் ரம்லா காலையில் சும்மாதான் இருக்கிறார். ஆனாலும் நான் வகுப்புக்குப் போகவில்லை.

ஒன்று சொல்கிறேன் அம்மா. அந்தப் படத்தில் வரும் பையன் கற்பனை இல்லை. அவன் என் மகன் மகேன். புனிதாவின் தம்பி. பதினாறு வயதில் இரத்தத்தில் புற்றுநோய் வந்தது. உங்கள் ஊர் மருத்துவமனையில்தான் கிடந்தான். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

மருந்து கொடுத்துக் கொடுத்து, கடைசியில் அவன் தலையில் ஒரு முடிகூட இல்லை. படம் எடுக்கும்போது புனிதா எனக்குப் போன் செய்து கேட்டாள். "அப்பா, தம்பி எந்தப் பக்கம் வகிடு எடுப்பான்?" இடப்பக்கம் என்றேன். அதனால்தான் அந்தப் பையனுக்குத் தலை கலையவில்லை. அதனால்தான் நீங்கள் எழுதின சலூன்.

அந்தக் காட்சியை நான் கைப்பேசியில் பல தடவை பார்த்திருக்கிறேன். இராசம்மா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த இடம் வரும்போது சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

படம் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் இன்னொரு பக்கம் எழுத வேண்டும். அதை நான் அவளுக்கு அனுப்ப வேண்டும்.

செல்லையா


ஈப்போ
2 ஏப்ரல் 2024

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை வகுப்பறையில் பிரித்தேன். அன்று அடுத்த பாடத்தை நடத்த முடியவில்லை.

சலூன் வரியை இணையப் பதிப்பிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். அச்சில் வந்ததை எடுக்க முடியாது. அது ஒரு கெட்டிக்கார வரி. சிரிக்க வைப்பதற்காகவே எழுதினேன். யாருடைய தலையைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் எழுதினேன். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் படம் நன்றாக இருக்கிறது என்று எழுத மாட்டேன்.

கோபப்படாமல் கேளுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்த வகைப் படங்கள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். காதில் இயர்போன் மாட்டிய பையன், கெட்ட நண்பர்கள், மோட்டார் சைக்கிள், விபத்து அல்லது நோய், ஜெபம், கண்ணீர், ஞாயிற்றுக்கிழமை. சபைப் பத்திரிகைகள் அவை எல்லாவற்றையும் ஆசீர்வாதமான படம் என்று எழுதுகின்றன. மற்றப் பத்திரிகைகள் எழுதுவதே இல்லை. எழுதினாலும் கேலியாக இரண்டு வரி. உங்கள் மகளின் படத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன் என்றால், பாதிப் படம் வரை அவரை நம்பினேன் என்று அர்த்தம். அந்தப் பையன் மழையில் நின்று, "ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிற?" என்று வானத்தைப் பார்த்துக் கத்துகிறானே, அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பிள்ளை உண்மையாகவே கேட்கிற கேள்வி அது. அதற்குப் படம் கொடுக்கிற பதில் ஒரு மந்திரம்.

நீ ஓர் இந்து, உனக்கு என்ன தெரியும் என்று பலர் எனக்கு எழுதினார்கள். என் தம்பிக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது என் அம்மா முருகனுக்குப் பால்குடம் எடுத்தார். தம்பி பிழைத்தான். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். நல்லதுதான். ஆனால் என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் வீட்டிலும் நேர்ந்துகொண்டார்கள். அவள் அண்ணன் பிழைக்கவில்லை. என் அம்மா பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வரும். அவளை நினைத்துத்தான் அந்தக் கடைசி வரியை எழுதினேன்.

மலர் என்ன சொன்னாள் ஐயா? கோபம் குறைந்ததும் எழுதுங்கள்.

வகுப்புக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

அன்பரசி


தேயிலைத் தோட்டம், பிரிஞ்சாங்
16 ஏப்ரல் 2024

அன்பரசி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொழுந்து மட்டும் எடுக்காமல், முற்றல், காம்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்துவிட்டேன். தெரியாத வார்த்தைக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டு, பெருநாள் முடிந்த மறுநாள் ரம்லாவிடம் போனேன். நடந்ததை எல்லாம் அவர் கேள்விப்பட்டிருந்தார்.

"தாண்டிப் போகச் சொன்னது நான்தானேண்ணே. ஒங்க மேல தப்பில்ல, வாத்தியார் மேலதான் தப்பு" என்று சொல்லி, பெருநாளுக்கு ஓலையில் பொதிந்து வேகவைத்த கேதுபாட் சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளினார். பஷீர் கல்லாவிலிருந்து, "அடுத்த தடவ வாசிக்கறதுக்கு முன்னாடி என் கடைக்கு நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க, அதயும் சேத்து வாசிங்க லா" என்றார். பல நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

கோபம் இப்போது இல்லை. வருத்தம் இருக்கிறது. மலர் சொன்னதைச் சொல்கிறேன்.

உங்கள் கடைசி வரி இதுதான். 'ஜெபித்தும் தாயையோ தம்பியையோ இழந்த ஒரு பிள்ளை இருட்டில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தால், நீ சரியாக ஜெபிக்கவில்லை என்பதைத் தவிர வேறு எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்?' இதை நான் வாசித்து முடித்ததும் அவள் எழுந்தாள்.

"தாத்தா, அத இன்னொரு தடவ வாசிங்க."

போதகர் என்னைப் பார்த்தார். நான் வாசித்தேன். இரண்டாம் தடவை விரல் இல்லாமலே வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மலரின் அம்மா போன வருடம் இறந்துபோனாள். கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்தவள். சபையில் அவளுக்காக வாரக்கணக்கில் ஜெபித்தோம். நானும் ஜெபித்தேன். மலர் சொன்னாள், "நான் அன்னிக்கி ராத்திரி ஜெபத்துல தூங்கிட்டேன். அந்தப் படத்த வாலிபர் கூட்டத்துல காட்டுனாங்கல்ல, அதுல யாருமே தூங்கல. அவன் எந்திரிச்சிட்டான். அப்ப எங்கம்மா எந்திரிக்காதது என்னாலதான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

முன்வரிசையிலிருந்து இராசம்மா எழுந்தாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "மலரு, எங்கடி இருக்க?" என்று கேட்டாள். குரல் வந்த பக்கம் திரும்பி, "என் மகனுக்காக நான் ஒரு பொட்டுத் தூங்கலடி. அவனும் எந்திரிக்கல" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் சபையில் மகேனைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

போதகர் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். பாதியில் அவரே நிறுத்திவிட்டார். பிறகு இது சபைக்கு வந்த சாத்தானின் தாக்குதல் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் மலர் அன்று வீட்டுக்குப் போகும்போது எங்களோடு நடந்து வந்தாள். இராசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சாத்தான் அப்படிச் செய்வான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. மகேன் போகிற அன்று மத்தியானம், அவன் என்னைக் கேட்டான். "அப்பா, ஒங்களுக்குப் பயமா இருக்கா?" நான் ஆமாம் என்றேன். "எனக்கும்தாம்பா" என்றான். பிறகு இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தோம். புனிதா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவள் படத்தில் வைக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

நேற்று புனிதாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். என்னை மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன், சரியாக வரவில்லை, கிழித்துவிட்டேன். கடைசியில் மலர் சொன்னதை மட்டும் அப்படியே எழுதினேன். கீழே என் பெயர். அப்பனிடமிருந்து அவளுக்கு வரும் முதல் கடிதம் அது. இப்படி ஒரு கடிதமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

செல்லையா


ஈப்போ
29 ஏப்ரல் 2024

மதிப்பிற்குரிய ஐயா,

சுருக்கமாக எழுதுகிறேன். உங்கள் மகள் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வணக்கம்கூட இல்லை. ஒரே கேள்வி. 'அந்தக் கடைசி வரியை யாரை நினைத்து எழுதினீர்கள்?' என் மாணவியைப் பற்றிச் சொன்னேன். 'எனக்கும் ஒரு மலர் கிடைத்திருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிறேன்' என்று பதில் வந்தது.

நின்றுபோயிருந்த மே மாதத் திரையிடலை உங்கள் மண்டபத்தில் நடத்தப் போகிறாராம், அதற்கு என்னையும் அழைத்தார். நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விமர்சனம் எழுதுகிறவள் பின்னால் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். உங்கள் மகளுக்கும் அது நல்லதல்ல. நீங்கள் எனக்குப் பதிலாக உட்கார்ந்து பாருங்கள். எப்படி இருந்தது என்று எழுதுங்கள். எதையும் தாண்டிப் போகாமல் எழுதுங்கள்.

உங்கள் கடிதங்களை வகுப்பில் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது, அதை யாரோ வரிக்கு அடியில் விரல் வைத்து வாசிப்பது போல எனக்குத் தோன்றுகிறது. எழுத நேரம் பிடிக்கிறது.

அன்பரசி


தேயிலைத் தோட்டம், பிரிஞ்சாங்
14 மே 2024

அன்பரசி அம்மாவுக்கு,

புனிதா வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம். மண்டபத்தின் சன்னல்களுக்குத் திரை கிடையாது. காய்கறிப் பாத்திக்கு மேல் விரிக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கை மலரின் அப்பா ஒரு சுருள் கொண்டுவந்தார். அதை நானும் அவரும் சன்னல்களில் ஆணியடித்தோம். உள்ளே இருட்டாயிற்று, மண் வாசனையும் வந்தது. புனிதா பையோடு வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். என் சட்டைப் பையில் பேனா இருந்ததைப் பார்த்தாள். மூடி சரியாகப் போடாமல் மை கசிந்திருந்தது. மூடியை அழுத்திவிட்டாள்.

பிறகு, "மலர் யாருப்பா?" என்றாள்.

மலர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நீங்கள் தாண்டிப் போகாதே என்று சொல்லியிருப்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"படம் புடிக்கலயா?"

"பாட்டு நல்லாருக்குக்கா. மோட்டார் சீன் ஓக்கே லா. அந்த வில்லன் பையன் மட்டும் ரொம்ப ஓவர். எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி யாரும் சிரிக்க மாட்டானுங்க."

"அப்புறம்?"

"மழையில கத்துறான்ல, அது நான் வீட்டுல கத்துனது மாதிரியே இருந்துச்சி."

"அப்புறம்?"

"அப்புறம்தான் அவன் எந்திரிச்சிட்டானே."

புனிதா தலையை ஆட்டினாள். "ம்" என்றாள்.

சபை வாலிபர்கள் வந்தார்கள், டவுனிலிருந்தும் கொஞ்சம் பேர் வந்தார்கள். போதகர் ஓரமாக உட்கார்ந்தார். நான் உங்கள் இடத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். படம் ஓடியது. வில்லன் சிரித்தபோது பிள்ளைகளும் சிரித்தார்கள், நீங்கள் எழுதியது போலவே. மழைக் காட்சியில் யாரும் அசையவில்லை. அதையும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். மருத்துவமனைக் காட்சி வந்தது. சபையார் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்றார்கள். எப்போதும் இந்த இடத்தில் இராசம்மா எழுந்து போவாள். அன்று அவள் எழுவதற்கு முன்பே படம் நின்றுவிட்டது.

புனிதா நிறுத்திவிட்டாள். திரையில் அந்தப் பையன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவள் முன்னால் போய் நின்றாள்.

"இதுக்கு மேல நான் எடுத்தது நடக்கல. இவன் என் தம்பி மகேன். அவன் எந்திரிக்கல. எந்திரிச்சாத்தான் நீங்கல்லாம் நம்புவீங்கன்னு நெனச்சிட்டேன்."

ஒரு பையன் மெதுவாகக் கேட்டான். அன்று என்னைக் கைப்பேசியில் பிடித்தவன்தான். "அக்கா, ஒங்களுக்குக் கடவுள் மேல கோவம் வரலயா?"

"வந்துச்சி. இன்னும் இருக்கு. ஜெபம் பண்ணும்போது அதயும் சேத்துத்தான் சொல்றேன்."

போதகர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புனிதா அதற்குப் பிறகு, நான் பயப்படுகிறேன் என்று மகனிடம் சொன்னதையும், நாங்கள் சிரித்ததையும் சொன்னாள். அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. அதை ஏன் வைக்கவில்லை என்று மலர் கேட்டாள். நான் கேட்காததை அவள் கேட்டுவிட்டாள்.

"எங்கப்பா பயந்தத எப்படிக் காட்றதுன்னு தெரியல" என்றாள் புனிதா.

பிள்ளைகள் இருட்டிலேயே உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். எல்லாம் எனக்குக் கேட்கவில்லை. ஒரு பெண் அழுதாள். ஒருவன் தன் பாட்டன் குடிப்பதைப் பற்றிச் சொன்னான். இது நல்ல படமா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த மத்தியானம் நல்ல மத்தியானம்.

எல்லோரும் போன பிறகு நான் மண்டபத்தைப் பெருக்கினேன். புனிதா வயர்களைச் சுருட்டினாள். இராசம்மா முன்வரிசை நாற்காலியிலேயே இருந்தாள். திரையில் அந்தப் பையன் இன்னும் படுத்திருந்தான்.

நீங்கள் எழுதியது சரிதான் அம்மா. மலருக்கு அது பொய். அதை இனி எந்தப் பிள்ளைக்கும் காட்டுவதில்லை என்று புனிதா சொல்லிவிட்டாள். எனக்கும் அது பொய் என்று தெரியும். ஆனாலும் நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"புனிதா, மிச்சத்தப் போடுறியா? எனக்கு மட்டும்."

அவள் சுருட்டின வயர் ஒன்றைப் பிரித்து ஒலிபெருக்கியில் மாட்டினாள். பிறகு போட்டாள். நான் இராசம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை. பாட்டு வந்தது, மணி அடித்தது. அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"எந்திரிச்சிட்டானா?" என்றாள்.

"எந்திரிச்சிட்டான்."

"முடி இருக்கா?"

"இருக்கு. நல்லா சீவியிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்" என்றேன்.

செல்லையா